மரத்துக்குள் ஒரு மரம்: இயற்கையோடு வேலை செய்த கலைஞர்களைத் தேடிப் போவது

"இயற்கை ஓவியம்" என்று இணையத்தில் தேடினால் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தி வானம், அருவி, ரோஜா, பனி மூடிய மலை, மறுபடியும் அந்தி வானம். ஒவ்வொன்றும் அழகாகத்தான் இருக்கும், ஆனால் பத்துப் படம் தாண்டுவதற்குள் எல்லாமே ஒரே கை போட்டதுபோலத் தோன்ற ஆரம்பித்துவிடும். இவ்வளவுதான் போலிருக்கிறது என்று அங்கேயே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. எனக்கு அது பெரிய ஆதங்கம். நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற கலைஞர்களில் பலர் அந்தக் குவியலின் மேற்பரப்புக்கு வருவதே இல்லை. அவர்கள் வேலையில் சில சமயம் பூவும் இருக்காது மலையும் இருக்காது, முடிச்சுப் போட்ட கயிறு இருக்கும், ஒரு உத்தரக்கட்டை இருக்கும், தரையில் கொஞ்சம் மஞ்சள் தூள் இருக்கும்.

அவர்களைக் கண்டுபிடிக்க எனக்கு உதவுகிற கேள்வி ஒன்று உண்டு: இந்த வேலையில் யாருடைய நேரம் ஓடுகிறது? கலைஞர் தன் வசதிப்படி உட்கார்ந்து முடித்ததா, இல்லை ஒரு பூவோ புழுவோ மரமோ வைத்த கெடுவுக்குக் கட்டுப்பட்டுச் செய்ததா? இதைக் கேட்டுக்கொண்டே பார்த்தால் கொலாஜ் (காகிதமும் வேறு பொருள்களும் வெட்டி ஒட்டிச் செய்வது), சிற்பம், ஓவியம் என்று தனித்தனி அறைகளில் தேட வேண்டியதில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வழி கிடைத்துக்கொண்டே போகும்.

நான் எப்போதும் மேரி டெலனியிலிருந்து ஆரம்பிப்பேன். 1700இல் பிறந்த ஆங்கிலேயப் பெண்மணி. இரண்டாவது கணவர் 1768இல் இறந்த பிறகு, தோழியான போர்ட்லண்ட் சீமாட்டியின் மாளிகையில் நிறைய நாட்கள் தங்கியிருந்தார். அங்கே 1772இல், அதாவது 72 வயதில், ஒரு ஜெரேனியம் இதழும் பக்கத்தில் கிடந்த ஒரு காகிதத் துண்டும் ஒரே நிறமாக இருப்பதைக் கவனித்து, கத்தரிக்கோலை எடுத்து அந்தக் காகிதத்தை இதழ் இதழாக வெட்டினார். தோழி உள்ளே வந்து, அசல் பூவைத்தான் பிய்த்து வைத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாராம். அதற்கடுத்த பத்து வருஷத்தில் அவர் செய்து முடித்தவை கிட்டத்தட்ட 1,000 செடிகள். 82 வயதில் பார்வை மங்கியபோதுதான் நிறுத்தினார். அத்தனையும் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பத்துத் தொகுதிகளாக இருக்கின்றன. பிக்காசோவும் பிராக்கும் ஓவியத்தில் காகிதம் ஒட்டியது 1912இல். நவீன கொலாஜின் கதையை அங்கே தொடங்குவதுதான் வழக்கம், இந்த மூதாட்டியின் வேலை அதற்கு 140 வருஷம் மூத்தது.

அவற்றில் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னணி முழுக்கக் கறுப்பு. அதனால் செடி ராத்திரியில் விளக்கு வெளிச்சம் பட்டதுபோல முன்னால் வந்து நிற்கும். ஒரு இலையை ஒரே பச்சைக் காகிதத்தில் வெட்டவில்லை. வெளிச்சம் படும் பக்கத்துக்கு ஒரு பச்சை, மடிப்புக்கு ஒன்று, நரம்புக்கு நூல்போல வெட்டிய இன்னொன்று, பழுத்த ஓரத்துக்கு மஞ்சள் கலந்த ஒரு சீவல். ஒரு பாஷன் பூவுக்கு மட்டும் 200க்கும் மேற்பட்ட துண்டுகள் ஒட்டியிருக்கிறார். மாதிரிப் படம் வைத்துக்கொண்டு செய்ததும் இல்லை, பறித்த செடி முன்னால் இருக்கும், கியூ தாவரத் தோட்டத்திலிருந்தும் செடிகள் அனுப்பினார்கள். பறித்த பூ எத்தனை மணி நேரம் தாங்கும்? அது வாடுவதற்குள் நிறத்தையும் உருவத்தையும் பிடித்தாக வேண்டும். 72 வயதுக் கை பூவின் கடிகாரத்தோடு போட்டி போட்டிருக்கிறது, பத்து வருஷம், ஆயிரம் தடவை. எனக்கு இது எந்தப் பெரிய சாதனைக்கும் குறைந்ததாகத் தெரியவில்லை.

டெலனியைப் பார்த்த கண்ணோடு பிரெஞ்சு ஓவியர் மத்தீஸிடம் போகலாம். 1941இல் பெரிய வயிற்று அறுவை சிகிச்சை, அதன் பிறகு பெரும்பாலும் கட்டிலும் சக்கர நாற்காலியும்தான். உதவியாளர்கள் காகிதத்தில் வண்ணம் பூசித் தருவார்கள், அவர் கத்தரிக்கோலால் இலையும் கடற்பாசியும் பறவையும் வெட்டுவார், துண்டுகளைச் சுவரில் ஊசி குத்தி மாட்டச் சொல்வார், இடம் மாற்றச் சொல்வார், மறுபடியும் மாற்றச் சொல்வார். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் 1952ஆம் ஆண்டின் 'கிளியும் கடற்கன்னியும்' 7 மீட்டருக்கும் அதிக அகலம். எழுந்து தோட்டத்துக்குப் போக முடியாத மனிதர் தோட்டத்தைச் சுவருக்கு வரவழைத்துக்கொண்டார். அவர் 1930இல் தாஹிட்டித் தீவுக்குப் போய் அந்தக் கடலைப் பார்த்தவர், ஆனால் அந்தப் பாசியும் மீனும் வெட்டுகளாக வெளியே வருவது 1946இல்தான். பதினாறு வருஷம் உள்ளே கிடந்திருக்கின்றன. சில விதைகள் அப்படித்தான்.

கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டே இன்னும் ஒரு அடி வைத்தால் பினோத் பிஹாரி முகர்ஜி வருகிறார். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தவர், பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை கிடையாது, மற்றக் கண்ணிலும் குறைவுதான். அந்தக் குறைந்த பார்வையை வைத்துக்கொண்டே சாந்திநிகேதனைச் சுற்றியிருந்த வறண்ட செம்மண் நிலத்தையும் மரங்களையும் வரைந்தார், பெரிய பெரிய சுவரோவியங்கள் செய்தார். 1950களில் ஒரு கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு முழுப் பார்வையும் போய்விட்டது. அப்புறம் அவர் எடுத்தது வண்ணக் காகிதமும் கத்தரிக்கோலும். டெலனி பார்வை போனதும் நிறுத்தினார், இவர் பார்வை போன பிறகு ஆரம்பித்தார். விரலால் விளிம்பைத் தடவித் தடவி வைத்த அந்த உருவங்களைப் பார்க்கும்போது, இயற்கையைப் பார்ப்பது என்றால் கண்ணால் மட்டும் என்று யார் சொன்னது என்று தோன்றும்.

அவருடைய மகள் மிருணாளினி முகர்ஜி. இந்தக் கட்டுரையில் ஒரே ஒருவரைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இவரை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். 1949இல் பிறந்து 2015இல் மறைந்தவர், பரோடாவில் கே.ஜி. சுப்ரமணியனிடம் படித்தவர். 1970களில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் சணல் கயிறு, பெரிய கலைஞர்கள் அதிகம் தீண்டாத பொருள். அதில் சாயம் ஏற்றி, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு, ஆள் உயரத்துக்கும் மேலாக உருவங்களை எழுப்பினார். கல்லில் செதுக்குவதுபோல வெளியிலிருந்து வெட்டி எடுப்பது இல்லை, களிமண்போல அப்புவதும் இல்லை. முன்கூட்டி வரைந்த திட்டப்படமும் கிடையாது. ஒரு வரிசை முடிச்சு முடிந்த பிறகுதான் அடுத்த வரிசை எந்தப் பக்கம் சாயும், எங்கே விரியும், எங்கே தொங்கும் என்பது தெரியவரும். கொடி வளர்வதும் இப்படித்தானே?

அவருடைய 'வனஸ்ரீ', 'புஷ்ப்' போன்ற வேலைகளின் முன்னால் நின்றால் இது என்ன பூ என்று பெயர் சொல்லவே முடியாது. இதழ்போல மடிந்திருக்கும், உள்ளே தொண்டைபோல இருட்டாக ஒரு குழிவு போகும், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் பீடத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு தெய்வம்போல இருக்கும், மறுபடி கிட்டே போனால் வெறும் கயிறும் முடிச்சும். ஒரு வேலைக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால் வாழ்நாளில் அவர் செய்த கயிற்றுச் சிற்பங்கள் எண்ணிக்கையில் குறைவுதான். பின்னாட்களில் சுடுமண்ணுக்கும் வெண்கலத்துக்கும் போனார். மேற்குலகில் அவருக்குப் பரவலான பெயர் வந்தது அவர் இறந்த பிறகுதான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் கிளையாக இருந்த மெட் பிராயரில் 2019இல் பெரிய கண்காட்சி நடந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

ழான் ஆர்ப் என்ற சிற்பி, கொலாஜும் செய்தவர், இதையே வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்: இயற்கையை நகலெடுக்க வேண்டாம், செடி பழம் தருவதுபோல நாமும் தர வேண்டும் என்பது அவர் எண்ணம். நான் தேடுகிற கலைஞர்கள் அத்தனை பேருக்கும் இது பொருந்தும். தோற்றத்தை விட்டுவிட்டு, இயற்கை வேலை செய்கிற விதத்தைப் பிடித்துக்கொண்டவர்கள்.

அந்த விதத்தை இத்தாலியரான ஜுசெப்பே பெனோனே பிடித்ததுபோல வேறு யாரும் பிடித்திருக்கிறார்களா தெரியவில்லை. 1968இல், இருபத்தொரு வயதில், தன் ஊர்க் காட்டில் ஒரு இளமரத்தின் தண்டைத் தன் கை பற்றியிருப்பதுபோல உலோகத்தில் வார்த்து, அந்த உலோகக் கையை அதே இடத்தில் பொருத்திவிட்டார். மரம் வளரும், கை பிடித்திருக்கிற அந்த ஒரு இடத்தில் மட்டும் வளராது. வேலையின் தலைப்பே ஏறக்குறைய அதுதான். வருஷங்கள் போகப் போகத் தண்டு அந்தக் கையைச் சுற்றிப் புடைத்துக்கொண்டது. சிற்பத்தை முடித்தது சிற்பி இல்லை, மரம்.

அடுத்த வருஷம் அவர் தொடங்கிய வேலைதான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு தந்தது. மரக் கிடங்கில் வாங்குகிற, நான்கு பக்கமும் அறுத்துச் சதுரமாக்கிய உத்தரம் ஒன்றை எடுத்துக்கொள்வார். அதன் முனையில் வளர்ச்சி வளையங்கள் தெரியும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த வளையத்துக்கு வெளியே இருக்கிற மரத்தையெல்லாம் உளியால் மெல்ல மெல்ல எடுத்துவிடுவார். கட்டையில் நாம் கணு என்று சொல்கிற இடங்கள் இருக்கின்றனவே, தச்சருக்குத் தொல்லை தருகிற அந்தக் கணுக்கள் ஒரு காலத்தில் கிளைகள். கணுவைத் தொடாமல் சுற்றிலும் செதுக்கினால் கிளை வெளியே வரும். கடைசியில் உத்தரத்தின் நடுவிலிருந்து, கிளைகள் நீட்டிக்கொண்டு, அந்த மரம் எத்தனையோ வருஷம் முன்னால் கன்றாக நின்ற அதே வடிவத்தில் நிற்கும். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் அவருடைய 12 மீட்டர் மரம் ஒன்று இருக்கிறது. அடிப்பகுதியை உத்தரமாகவே விட்டிருக்கிறார். இதைப் பார்த்த பிறகு ஒரு கதவையோ மேஜையையோ பழையபடி பார்க்க முடியாது, உள்ளே ஒரு கன்று நின்றுகொண்டிருப்பது தெரிந்துகொண்டே இருக்கும்.

வுல்ஃப்காங் லைப் என்ற ஜெர்மானியர் மருத்துவம் படித்து முடித்துவிட்டு அதைத் தொழிலாகக் கொள்ளாமல் கலைக்கு வந்தவர். தென்னிந்தியாவிலும் அவருக்கு ஒரு பணியிடம் உண்டு. வசந்தம் தொடங்கும்போது தன் வீட்டைச் சுற்றியிருக்கிற புல்வெளிகளுக்குப் போய், முதலில் ஹேசல் மரத்தின் மகரந்தம், அப்புறம் டேண்டிலியன், பைன் என்று பூக்கிற வரிசையிலேயே கையால் தட்டித் தட்டிச் சேர்ப்பார். ஒரு பருவம் முழுக்க உழைத்தாலும் சில ஜாடிகள்தான் நிறையும். 2013இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் 18 அடிக்கு 21 அடி அளவில் ஹேசல் மகரந்தத்தைச் சலித்துத் தரையில் விரித்தார். அது 1990களின் நடுவிலிருந்து சேர்த்தது. ஓரங்கள் மங்கலாக, தரைக்கு மேலே மிதப்பதுபோல ஒரு மஞ்சள். கண்காட்சி முடிந்தால் கூட்டி எடுத்து மறுபடியும் ஜாடியில் போட்டுவிடுவார்.

ஆங்கிலேயச் சிற்பிகள் ஹென்றி மூர், பார்பரா ஹெப்வர்த் இருவரையும் பலருக்குத் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மூர் கூழாங்கல்லும் எலும்பும் தீக்கல்லும் பொறுக்கி அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்தவர். நண்பர்கள் கொடுத்த ஒரு யானை மண்டையோட்டுக்குள் குகையையும் பாலைவனத்தையும் பார்த்து ஒரு தொடர் செதுக்கச்சுப் படங்களே செய்தார். ஹெப்வர்த் 1939இல் கார்ன்வால் கடற்கரைக்குக் குடிபோனவர். 1946இல் செய்த 'பெலகோஸ்' ஒரு எல்ம் மரத்துண்டு, அலை சுருண்டதுபோலக் குடையப்பட்டது, உள்ளே வெளிர் நீலம், குறுக்கே நரம்புபோல இழுத்துக் கட்டிய கயிறுகள். தனக்கும் கடலுக்கும் காற்றுக்கும் மலைக்கும் நடுவில் தான் உணர்ந்த இழுவிசைதான் அந்தக் கயிறுகள் என்றார்.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது பிளாஷ்கா தந்தை மகனை விட முடியாது. ஜெர்மனியின் டிரெஸ்டன் பக்கத்தில் 1887 முதல் 1936 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காகக் கண்ணாடியில் செடிகளைச் செய்தவர்கள். தந்தை 1895இல் இறந்த பிறகும் மகன் தனியாகத் தொடர்ந்தார். மொத்தம் 4,000க்கும் மேல். மாணவர்களுக்குப் பாடம் நடத்தச் செய்தவை என்பதால் நெடுங்காலம் இதைக் கலை என்று சேர்க்கவே தயங்கினார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என்னை அதிகம் பிடித்து நிறுத்துவது அவற்றில் இருக்கும் அழுகிய பழங்கள். பூஞ்சை பிடித்த பேரிக்காய், கறுத்துச் சுருங்கிய பீச். அழுகலைக்கூட இவ்வளவு பொறுமையாக ஒருவர் கண்ணாடியில் ஊதி உருக்கிச் செய்ய முடியுமா என்று வியப்பாக இருக்கும்.

சரி, ஓவியத்துக்கு வருவோம். இங்கேதான் அந்தி வானக் குவியல் வழியை அடைக்கிறது. அதனால் முதலில் பூச்சிகளிடமிருந்து வருவது நல்லது.

மரியா சிபில்லா மேரியன், 1647இல் ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தார். புழு பூச்சிகள் சேற்றிலிருந்து தானாக முளைக்கின்றன என்று பெரும்பாலானோர் நம்பிய காலம் அது. இவர் புழுவுக்கு இலை போட்டுக் காத்திருந்தார், அது கூடு கட்டும்வரை, கூட்டிலிருந்து வெளியே வரும்வரை. சில கூடுகளுக்கு மாதக்கணக்கில் ஆகும், சிலவற்றிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் ஒட்டுண்ணிக் குளவி வரும், அதையும் வரைந்து வைத்தார். 1699இல், 52 வயதில், மகளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறித் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குப் போனார், தன் சொந்தச் செலவில். உடம்பு கெட்டு 1701இல் திரும்பினாலும் 1705இல் 60 படங்களோடு புத்தகம் வந்துவிட்டது. அதில் ஒரே பக்கத்தில் முட்டை, புழு, கூடு, பூச்சி, அது தின்கிற செடி எல்லாம் சேர்ந்து இருக்கும். இலை ஓட்டை ஓட்டையாக, கடித்த தடத்தோடு இருக்கும். ஒரு தாளில் பல வாரங்களின் நேரம். அழகான செடி என்றால் ஓட்டை இல்லாத செடி என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கடித்த இலைகள் பெரிய பாடம்.

ஜார்ஜியா ஓ'கீஃபின் பிரம்மாண்டப் பூக்கள் 1924 வாக்கில் தொடங்கின. பூ சின்னது, யாருக்கும் அதைப் பார்க்க நேரமில்லை, பெரிதாக வரைந்தால் அவசரக்கார நியூயார்க்வாசிகளும் நின்று பார்ப்பார்கள் என்பதுதான் அவர் சொன்ன காரணம். விமர்சகர்கள் அதில் வேறு அர்த்தங்கள் படித்தபோது அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்னதை அப்படியே நம்பலாம் என்று நினைக்கிறேன். பிறகு நியூ மெக்சிகோவின் பாலைநிலத்தில், விலங்குகளின் இடுப்பெலும்பைத் தூக்கிப் பிடித்து அதன் துளை வழியே தெரிந்த நீல வானத்தை வரைந்தார். ஹெப்வர்த் சிற்பத்தில் போட்ட துளையையும் இந்தத் துளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கனடாவின் எமிலி கார் 1930களில் எண்ணெய் வண்ணத்தைப் பெட்ரோலில் கரைத்து, மலிவான பழுப்புத் தாளில், காட்டுக்குள்ளேயே உட்கார்ந்து வரைந்தவர். கரைத்த வண்ணம் சீக்கிரம் காயும், தூரிகை ஓடும், காற்று கிளையை அசைக்கிற வேகத்துக்கு ஈடுகொடுக்கும். 1935இல் அவர் வரைந்த ஒரு படத்தில் காட்டை வெட்டிச் சாய்த்த நிலத்தில் ஒல்லியான மரம் ஒன்று தனியாக நிற்கிறது, பலகைக்கு லாயக்கில்லை என்று விட்டுவிட்டுப் போன மரம், அதைச் சுற்றி வானம் முழுக்க வெளிச்சம் சுழல்கிறது.

இதற்கெல்லாம் முன்னோடிபோல 16ஆம் நூற்றாண்டு ஜப்பானின் ஹசேகாவா தோஹாகு வரைந்த பைன் மரங்கள். ஆறு ஆறு மடிப்புகள் கொண்ட இரண்டு திரைகள், வெறும் மை, பெரும் பகுதி காலி இடம். கிட்டே போனால் கரடுமுரடான அவசரக் கோடுகள், தள்ளி வந்தால் பனிமூட்டத்தில் மரங்கள். அந்தக் காலி இடத்தில்தான் மூடுபனி நகர்கிறது.

ஓவியம், கொலாஜ், சிற்பம் மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் சீனக் கலைஞர் ஷு பிங் 2004 முதல் செய்துவரும் தொடரைத் தேடுங்கள். முன்னால் நின்று பார்த்தால் கண்ணாடித் திரையில் பழைய சீன மலைக்காட்சி, மையில் வரைந்ததுபோல மலை, மூடுபனி, ஒற்றை மரம். பின்னால் போய்ப் பார்த்தால் காய்ந்த செடிகள், நார், கசங்கிய காகிதம், பிளாஸ்டிக் பை, எல்லாம் ஒட்டுநாடாவில் ஒட்டிக் கிடக்கும். அதன் நிழல்தான் முன்னால் மலையாகிறது. பின்பக்கத்தை அவர் மறைப்பதே இல்லை.

தேடுவதற்கு நான் பின்பற்றுகிற வழி ரொம்ப எளிது. அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்பில் ஒரு வேலையைத் திறந்தால் தலைப்பை விட்டுவிட்டு, எதனால் செய்தது என்ற வரியை முதலில் படிப்பேன். "சணல்", "மகரந்தம்", "எல்ம் மரமும் கயிறும்" என்று இருந்தால் நின்றுவிடுவேன், பிறகு அதே பொருளை வைத்தே தொகுப்புக்குள் தேடுவேன். அப்புறம் இந்த ஆள் யாரிடம் படித்தார், யார் வீட்டுப் பிள்ளை, யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று பார்ப்பேன். மிருணாளினியிடமிருந்து அப்பாவுக்கும், சிற்பியான அம்மா லீலா முகர்ஜிக்கும், ஆசிரியர் சுப்ரமணியனுக்கும் போவது அப்படித்தான். எத்தனை வயதில் இந்த வேலையைத் தொடங்கினார் என்பதும் நல்ல நூல்பிடி. நிறைய பேர் ஆச்சரியமாகத் தாமதமாகத் தொடங்கியிருக்கிறார்கள்.

பார்த்ததும் செய்து பார்க்கத் தோன்றும், தோன்றட்டும். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பிரிட்டிஷ் கலைஞர் ஆண்டி கோல்ட்ஸ்வர்தி உதிர்ந்த இலைகளை முள்ளால் கோர்த்தும் பனிக்கட்டியை எச்சிலால் ஒட்டவைத்தும் செய்கிற வேலைகள் காற்றும் வெயிலும் வந்தால் போய்விடும், புகைப்படம்தான் மிச்சம். ஆனால் ஓடைகளில் கல்லைப் புரட்டி அடுக்குகிற பழக்கமும் இப்போது பல இடங்களில் பரவியிருக்கிறது. அந்தக் கல்லுக்கு அடியில்தான் நீர்ப்பூச்சிகளின் முட்டையும் புழுவும் ஒட்டியிருக்கும், கல்லைப் புரட்டினால் அவை போச்சு. பாறையில் படர்ந்த பாசியும் அப்படித்தான், கொலாஜுக்காக உரித்து எடுத்தால் மறுபடி படர வருஷங்கள் ஆகும். உதிர்ந்ததை எடுங்கள், ஒட்டியிருப்பதை விட்டுவிடுங்கள்.

இன்று ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருக்கிறதா? டெலனியின் பூக்களுக்குப் போங்கள், பிரிட்டிஷ் மியூசியம் இணையத்தில் வைத்திருக்கிறது. அவர் சில படங்களில் காகிதத்தோடு காகிதமாக அந்தச் செடியின் அசல் இலையையே ஒட்டிவிட்டிருக்கிறார். 240 வருஷத்துக்கும் மேல் முன்னால் பறித்த இலை. நன்றாகப் பெரிதாக்கி, நரம்பு நரம்பாகப் பார்த்துக்கொண்டே போங்கள், எது காகிதம், எது இலை என்று.